கவிநிலாவுக்குச் சொல்ல வேண்டியது

ஜூன் 10, திங்கள்

புதிதாக ஒரு தம்பதி. சௌந்தர், ரூபாவதி. கோயமுத்தூரில் கணபதி பக்கம் சௌந்தருக்கு ஒரு சின்ன ஃபவுண்டரி இருக்கிறது. பம்பு கம்பெனிகளுக்கு இரும்பு வார்ப்புகள் செய்து கொடுக்கிறார். ரூபாவதி வங்கியில் வேலை. ஒன்பது வயதில் ஒரே பெண், கவிநிலா.

ஆலோசனைக்கு என்னிடம் வருகிற தம்பதிகள் பெரும்பாலும் மாடிப்படி ஏறும்போதே சண்டையை ஆரம்பித்திருப்பார்கள். இவர்கள் ஒருவருக்கொருவர் வழிவிட்டு ஏறி வந்தார்கள். அவருடைய சட்டைக் காலரில் ஒட்டியிருந்த கரித்தூளை ரூபாவதி தட்டிவிட்டார். தட்டிவிட்ட பிறகுதான் நினைவு வந்தவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

"நாங்க சேர்றதுக்கு வரலைங்க மேடம்," என்று ரூபாவதியே பேச்சை ஆரம்பித்தார். "கோர்ட்ல டைவர்ஸ் மனு போட்டாச்சு. ரெண்டு பேருக்குமே சம்மதம்தான். புள்ளைகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. அதுக்குத்தான் வந்தோம்."

"நாங்களா சொன்னா ஏதாவது தப்பாச் சொல்லிப்போடுவோம்ங்க," என்றார் சௌந்தர். "அதுக்குன்னு ஒரு முறை இருக்குமில்லைங்க?"

இருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்ல வேண்டும். ஒரே வார்த்தைகளில் சொல்ல வேண்டும். யார் மேலும் பழி போடக் கூடாது. முக்கியமாக, மறுபடி சேர்ந்துவிடுவோம் என்ற நம்பிக்கையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. இதையெல்லாம் சொன்னேன். முதலில் நீங்கள் இருவரும் என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதை இங்கே பேசித் தெளிவாக்கிக்கொள்ளலாம், பிறகு குழந்தையைப் பார்க்கிறேன் என்றேன். இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரித் தலையாட்டினார்கள்.

அவர்கள் போன பிறகு யோசித்தேன். மூன்றாவது ஆள் இல்லை, குடி இல்லை, அடி இல்லை. இப்படிப்பட்ட கல்யாணங்கள் உடைய வேண்டியதில்லை. இத்தனை வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

ஏசியிலிருந்து தண்ணீர் ஒழுகிக் கம்பளம் நனைந்துவிட்டது. மெக்கானிக் நாளை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 12, புதன்

மெக்கானிக் வரவில்லை. வாளி வைத்திருக்கிறேன்.

ஜூன் 19, புதன்

எதனால் இந்த முடிவு என்று கேட்டேன். கேட்க வேண்டிய தேவையில்லை என்பது உண்மைதான். அவர்கள் அதற்கு வரவில்லை. ஆனாலும் காரணம் தெரியாமல் குழந்தைக்கு வார்த்தை தேட முடியாது.

போன வருடம் ரூபாவதிக்கு மார்பில் ஒரு கட்டி. ஆபரேஷன் செய்து எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எதிர்வீட்டு அம்மாள்.

"அவங்க பேருகூட எனக்குச் சரியாத் தெரியாதுங்க. என் கையப் புடிச்சிட்டு அழுதுட்டிருந்தாங்க. இவரு எங்கேன்னு கேட்டேன். வந்துருவாருங்கன்னு சொன்னாங்க. அப்ப எனக்குள்ள ஏதோ ஒண்ணு அணைஞ்சு போச்சு மேடம். கட்டி ஒண்ணுமில்லாத கட்டின்னு அப்புறம் ரிசல்ட் வந்துச்சு. அணைஞ்சது திரும்பப் பத்தல."

சௌந்தர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தபடி இருந்தார். "ரெண்டு நாளாக் கரண்ட் இல்லாமக் கெடந்துச்சுங்க. அன்னைக்குத்தான் வந்துச்சு. ஃபர்னஸ்ல இரும்பு உருகிட்டிருக்குது. விட்டுட்டுப் போனா அப்படியே இறுகிப்போயிரும்ங்க, அடுப்பையே ஒடைச்சுத்தான் எடுக்கோணும். ஊத்தி முடிச்சுட்டு ஓடி வந்தேன்."

"வந்தாருங்க. வரலைன்னு நான் சொல்லல," என்றார் ரூபாவதி.

கோபமே இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். கோபம் என்பது இன்னும் எதையோ எதிர்பார்ப்பது.

ஜூன் 23, ஞாயிறு

துணி துவைத்தேன். இட்லிக்கு அரைத்தேன். ஒருத்திக்கு அரைக்கிறபோது மாவு எப்போதும் மிஞ்சிப்போகிறது.

சூரத்துக்குப் போன் செய்தேன். என் வீட்டுக்காரர் தறி இயந்திரங்களை நிறுவிக் கொடுக்கும் வேலைக்காக அங்கே போனவர். ஆறு மாத வேலை என்றுதான் போனார். அது போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி. வேலை நன்றாக நடந்தால் கம்பெனிக்காரர்கள் விட மாட்டார்கள்தானே. ஆடிப் பதினெட்டுக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். "பாக்கலாம் பூங்கொடி," என்றார். ஏசி ஒழுகுவதைச் சொன்னேன். "ஆளக் கூட்டியாந்து பாரு," என்றார். நல்லபடியாகப் பேசினோம்.

ஜூலை 3, புதன்

இன்று அவர்கள் இருவரும் சிரித்தார்கள்.

குழந்தை யாரோடு இருப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம். ரூபாவதியோடு, சனி ஞாயிறுகளில் அப்பாவோடு. குழந்தைக்குத் தலைவாரிப் பின்னல் போடத் தெரியுமா என்று சௌந்தரிடம் கேட்டேன். "ஒருக்கா போட்டேன்ங்க," என்றார். ரூபாவதி அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். ரூபாவதி ட்ரெயினிங்குக்குச் சென்னை போயிருந்தபோது இவர் பின்னலை இறுக்குவதற்காக ஃபவுண்டரியில் மூட்டை கட்டுகிற கம்பியைச் சுற்றி அனுப்பியிருக்கிறார். அதைக் கழற்றப் பள்ளிக்கூடத்தில் கட்டிங் பிளேயர் தேடினார்களாம். "வாத்தியாரம்மா போன் பண்ணி, இது என்னங்க சார், பின்னலா வேலியான்னு கேட்டாங்க," என்று சொல்லும்போது சௌந்தருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருந்தார்கள்.

குழந்தைக்குச் சொல்வதை அவசரப்படுத்த வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். இன்னும் சில முறை வரட்டும். தொழில்முறையில் பார்த்தாலும் இதுதான் சரி. உறவில் அசைவு தெரியும்போது கதவைச் சாத்தக் கூடாது. சௌந்தர் உடனே சரி என்றார். ரூபாவதி, "எதுக்குங்க?" என்று கேட்டார். விளக்கினேன்.

ஜூலை 6, சனி

சூரத்திலிருந்து அவர் தன் சான்றிதழ்களின் அசல், இரண்டு கோட்டு, அவர் அப்பாவின் போட்டோ ஆகியவற்றைக் கூரியரில் அனுப்பச் சொல்லியிருந்தார். போட்டோ எதற்கு, சூரத்தில் ஈரம் அதிகம், இங்கேயே பத்திரமாக இருக்கட்டும் என்றேன். திதி வருகிறது, வேண்டும் என்றார். நல்ல அட்டைப்பெட்டியாக வாங்கிப் பழைய சேலை சுற்றி அனுப்பினேன். ஹால் சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. வெள்ளையடிக்க வேண்டும்.

ஏசி சரியாகிவிட்டது.

ஜூலை 13, சனி

கவிநிலாவைப் பார்த்தேன். மெலிந்த குழந்தை, முன்பல் ஒன்று பாதி முளைத்திருக்கிறது. அம்மா வெளியே உட்கார்ந்திருந்தார். ஊனோ சீட்டு விளையாடினோம். என்னைவிட நன்றாக விளையாடுகிறாள். தோற்கிற மாதிரி இருந்தால் சீட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறாள்.

வீட்டில் என்ன நடக்கிறது என்று குழந்தைகளுக்குத் தெரியாது என்று பெரியவர்கள்தான் நினைத்துக்கொள்கிறார்கள். அப்பா ஆபீஸ் ரூமில் படுப்பது, அம்மா போனில் பேசும்போது கதவைச் சாத்துவது, வாரத்துக்கு ஒருமுறை இருவரும் சேர்ந்து எங்கேயோ போவது, எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு சீட்டைக் கலைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஆன்ட்டி, அப்பாவும் அம்மாவும் சேந்துக்குவாங்களா? நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க."

குழந்தைக்கு ஆறுதலாக இருக்கும்படி ஏதோ சொல்லி அனுப்பினேன். போகும்போது கை காட்டிவிட்டுப் போனாள்.

ஜூலை 17, புதன்

ரூபாவதி தனியாக வந்தார். சேலத்துக்கு இடமாற்றம் கேட்டிருந்தாராம், கிடைத்துவிட்டது. செப்டம்பரில் சேர வேண்டும்.

"புள்ளைகிட்ட எப்பச் சொல்லப் போறோம் மேடம்? பள்ளிக்கூடம் மாத்தணும், வீடு பாக்கணும். நீங்க தள்ளிட்டே போறீங்க."

இரண்டு வாரத்துக்கு முன் சிரித்ததை நினைவுபடுத்தினேன். உங்களுக்குள் இன்னும் ஏதோ மிச்சமிருக்கிறது, அதற்கு ஒரு மாதம் கொடுத்துப் பாருங்கள் என்றேன்.

ரூபாவதி மடியிலிருந்த கைப்பையை எடுத்துக் கீழே வைத்தார். "அவரு நல்ல மனுசன்ங்க. எனக்குத் தெரியாதா? நீங்க சொன்னதுக்காக நானும் முயற்சி பண்ணிப் பாத்தேன். சேந்து உக்காந்து சாப்பிட்டோம். சாயந்திரம் அவரு வண்டிச் சத்தம் கேட்டா எனக்கு வயிறு இறுகுதுங்க. அவரு ஒண்ணும் பண்றதில்ல. ஆனாலும் இறுகுது. நான் என்ன பண்ணட்டும்?"

ஒரு மாதம் என்று மறுபடி சொன்னேன். சரிங்க என்று சொல்லிவிட்டுப் போனார். களைப்பில் சொன்ன சரி.

ஜூலை 28, ஞாயிறு

சூரத்திலிருந்து அவரே போன் செய்தார். ஆடிப் பதினெட்டுக்கு வர முடியாதாம். இரண்டு படுக்கையறை வைத்த வீட்டுக்கு மாறியிருக்கிறாராம். இத்தனை நாள் கம்பெனி அறையில் கஷ்டப்பட்டார், நல்லதுதான். பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் குக்கர் விசில் வந்தது. அவர் பேசிக்கொண்டே இருக்க, இரண்டாவது விசிலும் வந்தது; யாரோ அடுப்பை அணைத்தார்கள். அவருக்குத் தண்ணீர்கூடச் சுட வைக்கத் தெரியாது. சமைக்க ஆள் வைத்திருப்பார்.

"உன்கிட்ட ஒண்ணு பேசணும் பூங்கொடி," என்றார்.

வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். வாசலில் காய்கறி வண்டி. கத்தரிக்காய் நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. பக்கத்து வீட்டிலிருந்து சித்ரான்னங்கள் கொடுத்தனுப்பினார்கள். தேங்காய்ச் சாதம் மட்டும் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலையில் ரூபாவதியிடமிருந்து போன். கவிநிலா பள்ளியில் பிரேயரின்போது மயங்கி விழுந்துவிட்டாள். நெற்றி கல்லில் பட்டுத் தையல் போட்டிருக்கிறார்கள். நான் உடனே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

சனிக்கிழமை சௌந்தர் தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு ஃபவுண்டரிக்குப் பக்கத்தில் பார்த்திருக்கும் அறைக்குப் போயிருக்கிறார். ரூபாவதிக்கு மூச்சுவிடக் கொஞ்சம் இடம் கொடுக்கலாமென்று, அவராக எடுத்த முடிவு. வேலை விஷயமாகப் போகிறேன் என்று குழந்தையிடம் சொல்லியிருக்கிறார். அன்று மத்தியானத்திலிருந்து அவள் சாப்பிடவில்லை. தட்டில் போட்ட சோற்றை ஜன்னல் வழியாகக் காக்கைக்குப் போட்டுவிட்டுச் சாப்பிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். டிபன் பாக்ஸைப் பள்ளியில் கொட்டியிருக்கிறாள்.

வார்டு வாசலில் என்னைப் பார்த்ததும் ரூபாவதி எழுந்து வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"எங்க புள்ளைகிட்ட நீங்க என்னங்க மேடம் சொன்னீங்க?"

கவிநிலாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"'அப்பாவும் நீயும் சேந்துக்குவீங்கன்னு ஆன்ட்டி பிராமிஸ் பண்ணிருக்காங்க. கொஞ்சம் லேட்டாகுது, அதான் நான் சாமிக்குச் சாப்பிடாம இருக்கேன்'னு சொல்றாளுங்க. கண்ணு முழிச்சதும் மொதல்ல இதத்தான் சொல்றா. அவகிட்ட எதைச் சொல்லக் கூடாதுன்னு மொத நாளே எங்களுக்குப் பாடம் எடுத்தவங்க நீங்கதானே?"

உள்ளே கட்டிலுக்கு ஒரு பக்கம் சௌந்தர் உட்கார்ந்து குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். கரி படிந்த வேலைச் சட்டையோடு ஓடி வந்திருக்கிறார். ரூபாவதி உள்ளே போய் மறுபக்கம் உட்கார்ந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர்கள் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டார்கள். அந்த நிலையிலும் எனக்குள் ஒரு ஆசை எழுந்தது. எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது. கதவருகே போனபோதுதான் கேட்டது. ராத்திரி யார் இருப்பது, காலையில் யார் வருவது என்று முறை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நான் அவளிடம் சொன்னது இதுதான்: "சேந்துக்குவாங்க கண்ணு. எனக்குத் தெரியும்." அவள் கையை நீட்டினாள். நான் அதில் கை வைத்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வருகிற எல்லோரையும் இந்த வாரம் வர வேண்டாமென்று சொல்லிவிட்டேன். காய்ச்சல் என்று சொன்னேன்.

சௌந்தர் மட்டும் சொல்லாமல் வந்தார். உட்காரவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்க மேடம். சேந்துரலாம்னு நீங்க சொன்னப்ப நானும்தான் நம்புனேன். புதுசா ரெண்டு சட்டைகூட எடுத்தேன்." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். "ஞாயித்துக்கெழமை புள்ளைகிட்டச் சொல்லப் போறோம்ங்க. ரூபா நீங்க வர வேண்டாம்னுதான் சொன்னா. ஆனா கவி, அந்த ஆன்ட்டி வந்தாத்தான் நான் கேப்பேங்கறா."

ஆகஸ்ட் 11, ஞாயிறு

போனேன். கணபதியில் ஒரு சந்துக்குள் வீடு. ஹாலில் பாதி கட்டிய அட்டைப்பெட்டிகள். கவிநிலா நெற்றியில் பிளாஸ்திரியோடு சோஃபாவின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். எனக்கு ரூபாவதி தண்ணீர் கொடுத்தார்.

சௌந்தர்தான் சொன்னார். நான் சொல்லிக் கொடுத்த வார்த்தைகள். "அம்மாவும் அப்பாவும் இனிமே ஒரே வீட்ல இருக்கப் போறதில்ல சாமி. இது உன்னால இல்ல. உன்மேல ரெண்டு பேருக்கும் பாசம் அப்படியேதான் இருக்கும்." பாதியில் நிறுத்தி ரூபாவதியைப் பார்த்தார். மீதியை ரூபாவதி சொன்னார். அம்மாவோடு சேலம், சனி ஞாயிறு அப்பா வருவார், லீவுக்கெல்லாம் கோயமுத்தூர்.

எத்தனையோ பெற்றோருக்கு இந்த வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒரு குழந்தையின் முகத்தில் அவை போய் விழுவதை இதற்கு முன் பார்த்ததில்லை. பெற்றோர் வீட்டில் சொல்லிவிட்டு வந்து, நல்லபடியாக எடுத்துக்கொண்டாள் என்று என்னிடம் சொல்வார்கள். நானும் அப்படியே குறித்துக்கொள்வேன்.

கவிநிலா அழவில்லை. "நான் ஹாஸ்டலுக்குப் போறேன்," என்றாள்.

"எதுக்குடா கண்ணு? அம்மாகூட இருக்கலாமே," என்றார் ரூபாவதி.

"உங்ககூட இருந்தா அப்பா எப்ப வருவாங்கன்னு பாத்துட்டே இருக்கணும். அப்பாகூட இருந்தா நீங்க எப்ப வருவீங்கன்னு பாத்துட்டே இருக்கணும். ஹாஸ்டல்ல யாரோட அப்பா அம்மாவும் இருக்க மாட்டாங்க."

சௌந்தர் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உள்ளே நின்றார். தண்ணீர் ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

நான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "ஆன்ட்டி உன்கிட்டத் தப்பாச் சொல்லிட்டேன் கவி. எனக்குத் தெரியும்னு சொன்னேன். எனக்குத் தெரியாது," என்றேன்.

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லணும்," என்றாள். பிறகு, "நீங்க போலாம் ஆன்ட்டி."

பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். வெயில்.

ஆகஸ்ட் 21, புதன்

கவிநிலாவுக்கு ஊட்டியில் ஹாஸ்டல் உள்ள ஒரு பள்ளியில் இடம் கிடைத்துவிட்டதாம். வருட நடுவில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்பியிருந்தேன். சௌந்தர் செய்தி அனுப்பியிருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து கொண்டுபோய் விட்டார்களாம். திரும்பி வருகையில் மேட்டுப்பாளையத்தில் வண்டியை நிறுத்தி டீ குடித்தோம், ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க ஒன்றும் இல்லை மேடம் என்று எழுதியிருந்தார். குழந்தை அழுதாளா என்று கேட்டு எழுதினேன். இல்லை என்று பதில் வந்தது.

ஆகஸ்ட் 22, வியாழன்

இரண்டு தம்பதிகளைப் பார்த்தேன். அவர்களுக்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

மத்தியானம் வர வேண்டியவர்கள் வரவில்லை. வெளியே எட்டிப் பார்த்தால், காத்திருக்கும் இடத்தில், சூரத்திலிருந்து வந்து அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை. முடிக்குச் சாயம் அடிப்பதை விட்டிருக்கிறார். நரை அவருக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

"எப்ப வந்தீங்க? வீட்டுக்குப் போயிருக்கலாமே," என்றேன். "சாவி உங்ககிட்டயும் இருக்குதில்ல? மாவு இருக்குது, தோசை ஊத்திக் குடுத்துருப்பேன். கொஞ்சம் இருங்க, பூட்டிட்டு வந்தர்றேன்."

"இல்ல பூங்கொடி. வீட்ல வச்சுச் சொல்ல எனக்கு வராது. போன்ல எத்தன தடவ ஆரம்பிச்சேன். நீ பேச்ச மாத்திருவ. இங்க வந்தா எல்லாரும் சொல்றதையும் நீ கேப்ப. அதான் வந்தேன்."

உள்ளே வந்தார். வருகிறவர்கள் உட்காரும் இரண்டு நாற்காலிகளில் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பழக்கத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் போனேன். கையில் பேனாவை எடுத்தேன். பிறகு அதை வைத்துவிட்டு, சுற்றி வந்து, அவருக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். மனைவிகள் உட்காரும் நாற்காலி. அதன் ஒரு கால் ஆடுகிறது. இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தரும் என்னிடம் சொன்னதில்லை.

எங்களுக்கு எதிரே யாரும் இல்லை.

"சொல்லுங்க," என்றேன்.

சொன்னார். அந்தப் பெண்ணின் பெயர், அவளுக்கு ஒரு மகன் இருப்பது, எப்போது ஆரம்பித்தது, வீட்டை எனக்கே எழுதிக் கொடுத்துவிடுவது, எல்லாவற்றையும் என்னைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தையும் இல்லாமல், நிதானமாக, ஆரம்பத்திலிருந்து சொன்னார். நடுவில் நான் பேச்சை மாற்றவில்லை.

பெயரைத் தவிர எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.